வெக்கை மூளையையும் வாட்டும்

“பிள்ளை, எனக்கு விசர் பிடிக்கப்போகுதோ எண்டு பயமாக் கிடக்கு. உலையை வைச்சிட்டு மறந்துபோறன். நேற்று ஒண்டுமில்லாததுக்குப் பேரனுக்கு அடிச்சுப்போட்டன். இரவில ஒரு கண் நித்திரை இல்லை.”

கிளிநொச்சி மாவட்டத்தின் மீள்குடியேற்றக் கிராமம் ஒன்றில், காண்டாவன நாளொன்றில், ஓர் அம்மா என்னிடம் சொன்ன வார்த்தைகள் இவை. 2009 இல் மகனை இழந்தவர். அன்று தொடக்கம் மனநலச் சிகிச்சை நிலையத்தில் மாத்திரை பெற்று வருபவர். நாங்கள் இருந்தது தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. நேரம் மதியம் ஒரு மணி. அரை மணித்தியாலத்திற்குள் அவருடைய வயதைப் படிவத்தில் இரண்டு தடவை பிழையாக எழுதிவிட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வெக்கையில் என் மூளையும் ஒழுங்காக வேலை செய்யவில்லை.

மூளை எமது உடல் நிறையில் ஏறக்குறைய 2 வீதம் மட்டுமே. ஆனால் உடலின் சக்தியில் 20 வீதமளவை அதுவே செலவிடுகின்றது. அந்த வேலையால் மூளைக்குள்ளேயே சூடு பிறக்கின்றது. ஓடும் இரத்தம்தான் அச்சூட்டை வெளியே கொண்டு செல்கின்றது. வெளியே வெப்பம் கூடி, உடலில் நீரும் குறைந்தால் இந்த ஒழுங்கு குழம்பும். கவனம் சிதறும், எரிச்சல் வரும், தலையிடிக்கும். உடல் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டினால் பிதற்றல், மயக்கம், வலிப்பு என உயிராபத்து வரையும் போகலாம்.

2016 கோடையில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 44 மாணவர்களை ஆய்வாளர்கள் அவதானித்தார்கள். வெப்ப அலை வீசிய நாட்களில், குளிரூட்டி இல்லாத அறைகளில் தூங்கிய மாணவர்கள் காலையில் செய்த ஒரு பரீட்சையில், மற்றவர்களைவிட ஏறக்குறைய 13 வீதம் தாமதமாகவே பதிலளித்தார்கள். இளமையும் ஆரோக்கியமும் உள்ள பிள்ளைகளுக்கே இந்த நிலை என்றால், தகரத்தின் கீழ் வருடக்கணக்காக வாழும் எமது அம்மாமாருக்கு எப்படி இருக்கும்?

பூமி சூடாகி வருகின்றது. பதிவுகளின்படி 2024 ஆம் ஆண்டே இதுவரை மிக வெப்பமான ஆண்டாகும். அதே ஆண்டில் இலண்டன் ஆய்வாளர்கள் 19 வகையான நரம்பு, மூளை நோய்கள் பற்றிய 332 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பாரிசவாதம், ஒற்றைத் தலைவலி, வலிப்பு, முதுமை மறதி போன்றவை காலநிலை மாற்றத்தால் மோசமடையக்கூடும் என்று எடுத்துக்காட்டினார்கள். இரவுச் சூடு நித்திரையைக் கெடுப்பதையும் அவர்கள் குறிப்பிட்டார்கள். நித்திரை குறைந்தால் வலிப்பு வரும் வாய்ப்புக் கூடும். தலையில் ஷெல் துண்டு காயத்துடன் வாழ்பவர்கள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

வெயில் எல்லோருக்கும் பொதுவானது என்பார்கள். உண்மையில் அப்படியில்லை. ஆண் துணையில்லாத வீட்டில் பெண்கள் பாதுகாப்புக்காக யன்னலையும் கதவையும் இறுக்கிப் பூட்டிவிட்டுப் படுக்கிறார்கள். முற்றத்தில் பாய் போட்டுப் படுக்க அவர்களால் முடியாது. வயலில் கூலிக்கு நிற்கும் சகோதரி, ஒதுங்க மலசலகூடம் இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறாள். மதிய வெயிலில் அடுப்பின் முன் நிற்பவளும் அவளே. பிறகு அவள் மறந்தால், எரிந்து விழுந்தால், “அவளுக்கு மண்டை பிழை” என்று ஊர் சொல்கின்றது. அவளும் அதை நம்பிவிடுகிறாள்.

மனநலத்திற்காகத் தரப்படும் சில மாத்திரைகள் வியர்வையைக் குறைத்து, உடல் குளிர்வதைத் தடுக்கும். லித்தியம் எடுப்பவர்களுக்கு உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஆபத்தாகக் கூடலாம். ஆனால் இதற்குப் பயந்து மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. வெயில் காலம் தொடங்க முன்னரே வைத்தியரிடம் கேளுங்கள். மாத்திரைகளை அடுப்படியிலும் கூரையை ஒட்டியும் வைக்காமல், நிழலான, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

எம்மால் செய்யக்கூடிய வேறு சிலவும் உண்டு. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். சிறுநீரக, இருதய நோயுள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று வைத்தியரைக் கேட்பது அவசியம். தகரத்தின் மேல் கிடுகு வேய்வதும் மேற்குப் பக்கம் மரம் வைப்பதும் வீட்டுச் சூட்டைத் தணிக்கும். படுக்க முன்னர் உடம்பைக் கழுவுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் வெப்ப எச்சரிக்கை விடுக்கும் நாட்களில் தோட்ட வேலையைக் காலையிலேயே முடியுங்கள். ஒருவர் வெயிலில் பிதற்றினால் அல்லது மயங்கினால் நிழலுக்குக் கொண்டு சென்று, உடம்பை நனைத்து விசிறி, உடனே 1990 இலக்கத்திற்கு அழையுங்கள். நினைவில்லாதவருக்கு வாயில் தண்ணீர் விடக்கூடாது. மனப்பாரம் தாங்காதபோது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தில் தமிழிலும் பேசலாம்.

ஆனால் கூரையையும் வேலைத்தலத்து மலசலகூடத்தையும் ஒரு பெண் தனியே நின்று மாற்ற முடியாது. மாதர் சங்கக் கூட்டத்திலும் பிரதேச செயலகத்திலும் இவற்றைச் சுகாதாரக் கோரிக்கையாக நாம் முன்வைக்க வேண்டும்.

அந்த அம்மாவின் கூரைக்குச் சங்கத்துப் பெண்கள் சேர்ந்து கிடுகு கட்டிக் கொடுத்தார்கள். வைத்தியர் மாத்திரையின் அளவைச் சரிபார்த்தார். மகனின் துயரம் போகவில்லை, அது போகவும் மாட்டாது. ஆனால் மறுமுறை போனபோது, “இப்ப கொஞ்சம் நித்திரை வருது பிள்ளை. எனக்கு விசர் இல்லை, என்ன?” என்று கேட்டார்.

இல்லை அம்மா, உங்களுக்கு விசர் இல்லை.