தாழ்ந்த இருக்கைக்கு நாம் தரும் விலை

மாங்காடு காமாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில், வெள்ளிக்கிழமைகளில் இருசக்கர வாகனத்தை நகர்த்துவதற்கே பொறுமை வேண்டும். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், மலையம்பாக்கத்தில், வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் ஆறுவழி வெளிவட்டச் சாலை விரிந்து கிடக்கிறது. சென்னையின் மேற்குப் புறநகரில் வாழும் ஒருவர் ஒரே நாளில் இந்த இரண்டு வகைச் சாலைகளையும் கடக்க நேர்கிறது. இவற்றில் இரண்டாவது வகைச் சாலைக்காகப் பிறந்து, பெரும்பாலும் முதல் வகைத் தெருக்களில் காலம் தள்ளும் வாகனம்தான் 'குரூசர்' மோட்டார் சைக்கிள்.

தாழ்ந்த இருக்கை, முன்னோக்கி நீட்டி வைக்கும் கால்கள், உயர்ந்து அகன்ற கைப்பிடி, நீண்ட உடல் ஆகியவை குரூசரின் அடையாளங்கள். அமெரிக்காவின் நீண்ட, நேரான நெடுஞ்சாலைகளில் மணிக்கணக்கில் சீரான வேகத்தில் செல்வதற்காக, ஹார்லி டேவிட்சன், இந்தியன் போன்ற நிறுவனங்களின் வண்டிகள் வழியே உருவான வடிவம் இது. நம் நாட்டில் பஜாஜ் அவெஞ்சர், ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு ஆகியவை இதை நடுத்தர வருவாய்க் குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்தின. 2020-இல் மீட்டியர் 350, 2023-இல் சூப்பர் மீட்டியர் 650 ஆகியவை சந்தைக்கு வந்தன.

இவ்வட்டாரத்துக்கு இது அந்நியக் கனவு அன்று. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் தோன்றிய என்ஃபீல்டு, 1955-இல் சென்னையில் கால்பதித்துத் திருவொற்றியூரில் வளர்ந்தது. பின்னர் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் அதன் ஆலைகள் எழுந்தன. பல நாடுகளின் சாலைகளில் ஓடும் குரூசர்கள், நம் அண்டை ஊர்த் தொழிலாளர்களின் கைகளால் பூட்டப்பட்டவை. எனவே இந்த ஈர்ப்பில் சொந்த ஊர்ப் பெருமையும் கலந்திருக்கிறது.

ஈர்ப்புக்கு உண்மையான காரணங்கள் உண்டு. சூப்பர் மீட்டியரின் இருக்கை தரையிலிருந்து 740 மி.மீ. உயரத்தில் உள்ளது. அதே நிறுவனத்தின் ஹிமாலயன் 450-இல் அது 825 மி.மீ. உயரம் குறைந்தவர்கூட இரு பாதங்களையும் தரையில் ஊன்றி நிற்கலாம் என்பது, கனமான வண்டி ஓட்டத் தயங்குவோருக்குப் பெரிய தைரியம். அடுத்தது எஞ்சினின் குணம். மீட்டியர் 350-இன் எஞ்சின், நிமிடத்துக்கு 4,000 சுழற்சிகளிலேயே தன் உச்ச முறுக்குவிசையான 27 நியூட்டன் மீட்டரைத் தந்துவிடுகிறது. அடிக்கடி கியர் மாற்றாமல், எஞ்சினை அலறவிடாமல், நிதானமாகச் செல்ல முடிவது இதனால்தான்.

ஆனால், இந்தச் சுகங்கள் ஒவ்வொன்றும் வேறொன்றை விட்டுக்கொடுத்துப் பெறப்பட்டவை. இருக்கை தாழ்ந்தால் வண்டியின் அடிப்பாகமும் பெரும்பாலும் தாழும். சூப்பர் மீட்டியருக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 135 மி.மீ. மட்டுமே, ஹிமாலயனில் அது 230 மி.மீ. அளவு பார்க்காமல் போடப்பட்ட நம் தெரு வேகத்தடைகளில் இந்த வேறுபாடு சத்தமாகவே கேட்கும். இருக்கைக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே இடம் குறைவதால், ஷாக் அப்சார்பர் அமுங்கி எழுவதற்கான தூரமும் குறைகிறது.

கால்களை முன்னே நீட்டி அமர்வது தளர்வாகத் தோன்றும். ஆனால், பள்ளம் வரும்போது கால்களை ஊன்றிச் சற்றே எழுந்து அதிர்ச்சியைத் தவிர்க்கும் வழி அந்த நிலையில் இல்லை. இடியை நேராக ஏற்பது இடுப்பும் முதுகெலும்பும்தான். மழைக்காலம் முடிந்து சாலைகள் குண்டும் குழியுமாகக் கிடக்கும் மாதங்களில், நாள்தோறும் வேலைக்குச் சென்று வருபவர் இதை உடலால் உணர்வார்.

எடையும் அப்படித்தான். 241 கிலோ எடையும் ஒன்றரை மீட்டர் சக்கர இடைவெளியும் நெடுஞ்சாலையில் வண்டியை அசையாமல் நிறுத்துகின்றன. அதே குணங்கள், குறுகிய சந்தில் திருப்பும்போதும், வாகன நிறுத்துமிடத்தில் பின்னோக்கித் தள்ளும்போதும் சுமையாகின்றன. இந்த எஞ்சின்கள் காற்றாலும் எண்ணெயாலும் குளிர்பவை. ஓட்டம் நின்றால் காற்றும் நிற்கும்; சித்திரை வெயிலில் நெரிசலில் நிற்பவரின் கால்களை நோக்கி வெப்பம் எழும். பின்னிருக்கையில் அமர்பவரின் வசதி பல குரூசர்களில் இரண்டாம்பட்சமே. குடும்பத்துக்கு ஒரே வாகனம் என்றால், இதைப் புறக்கணிக்க முடியாது.

அண்மையில் பணக்கணக்கும் மாறியுள்ளது. 2025 செப்டம்பர் 22 முதல், 350 சி.சி. வரையிலான மோட்டார் சைக்கிள்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு மேற்பட்டவற்றுக்கு, கூடுதல் வரியையும் சேர்த்து 31 விழுக்காடாக இருந்தது, 40 விழுக்காடாக உயர்ந்தது. வரிக்கு முந்தைய விலையில் ஒவ்வொரு லட்சம் ரூபாய்க்கும் முன்பு 3,000 ரூபாயாக இருந்த வரி வேறுபாடு, இன்று 22,000 ரூபாய். 349 சி.சி. வண்டி அன்றாடத் தேவையின் பக்கமும், 648 சி.சி. வண்டி ஆடம்பரத்தின் பக்கமும் நிற்கின்றன. எஞ்சினின் கொள்ளளவை மட்டும் வைத்து ஆடம்பரத்தை அளப்பது சரியா என்பது விவாதத்துக்குரியது. ஆனால், வாங்குபவருக்கு இந்தக் கோடு உண்மையானது.

இப்புறநகரின் ஆலைகளில் வேலைக்குச் சேரும் இளைஞர் பலருக்கு, கடனில் வாங்கும் முதல் பெரிய பொருள் மோட்டார் சைக்கிளே. தவணை ஆண்டுக்கணக்கில் நீளும். முதுகுவலி அதற்கு முன்பே வந்துவிடலாம். ஆகவே, விற்பனையகத்தின் வழவழப்பான தரையில் அமர்ந்து பார்த்து முடிவெடுக்கக் கூடாது. நாள்தோறும் செல்லும் சாலையில், நெரிசல் நேரத்தில், பின்னிருக்கையில் ஒருவரை அமர்த்தி ஓட்டிப் பார்க்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டுக் கையால் தள்ளியும் பார்க்க வேண்டும்.

மாதத்தில் பல நாள்கள் நெடுந்தொலைவு செல்பவருக்குக் குரூசர் நல்ல துணை. கோயில் தெருவிலும் சந்தைச் சாலையிலுமே நாளைக் கழிப்பவர், என்றோ ஒருநாள் செல்லப்போகும் பயணத்துக்காக அன்றாடம் விலை கொடுக்கிறார். அந்த விலையைத் தெரிந்தே கொடுத்தால் அது விருப்பம். தெரியாமல் கொடுத்தால் நட்டம்.