மாட்டின் கழுத்தில் ஊசி, முடிவுக்கு 72 மணி நேரம்: டிபி டெஸ்ட் எப்படி வேலை செய்கிறது?

மான்டூ டெஸ்ட் எடுத்திருக்கிறீர்களா? முன்கையில் சின்னதாக ஓர் ஊசி போட்டு, "ரெண்டு நாள் கழிச்சு வந்து காட்டுங்க" என்று அனுப்பிவிடுவார்கள். திரும்பிப் போனால், ஊசி போட்ட இடம் எவ்வளவு தடித்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பார்கள். அவ்வளவுதான்.

மாட்டுக்கும் ஏறக்குறைய இதே டெஸ்ட்தான். உங்கள் காபியில் இருக்கும் பால் வரைக்கும் இது சம்பந்தப்பட்டது. அதனால் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

ஏன் மூன்று நாள்?

வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவருக்குச் சில நிமிடங்களிலேயே உதடு வீங்கும். காரணம், உடலில் ஏற்கெனவே தயாராக நிற்கும் ஆன்டிபாடிகள். டிபி டெஸ்டில் வேலை செய்வது டி செல்கள். ஒருமுறை டிபி கிருமியைச் சந்தித்த டி செல்கள் அதை நினைவில் வைத்திருக்கும். அந்தக் கிருமியின் புரதத்தைத் தோலுக்குள் செலுத்தினால், அவை அங்கே வந்து, அடையாளம் கண்டு, மற்ற செல்களையும் கூப்பிட வேண்டும். கூட்டம் சேர 48 முதல் 72 மணி நேரம் ஆகும். இதற்குப் பெயர் தாமத ஒவ்வாமை.

அந்தப் புரதக் கலவைதான் டியூபர்குலின். 1890-ல் ராபர்ட் கோக் இதை டிபிக்கு மருந்து என்று அறிவித்தார். மருந்தாக அது தோற்றது. ஆனால் நோயைக் கண்டுபிடிக்கும் கருவியாக இன்றுவரை நிலைத்துவிட்டது.

4 மில்லிமீட்டரில் முடிவு

மாட்டின் கழுத்தில் முடியை வழித்து, தோல் மடிப்பின் தடிமனைக் காலிப்பரால் அளப்பார்கள். பிறகு டியூபர்குலின் ஊசி. 72 மணி நேரம் கழித்து அதே இடத்தில் மறுபடி அளப்பார்கள். தடிமன் 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் கூடியிருந்தால் பாசிட்டிவ். 2 மி.மீ.க்கு மேல், 4-க்குள் என்றால் சந்தேகம். 2 வரைக்கும் நெகட்டிவ்.

கேட்க எளிமைதான், ஆனால் ஏமாற்றக்கூடியது. டிபியின் உறவுக்காரக் கிருமிகள் மண்ணிலும் பறவைகளிலும் உண்டு. அவற்றைச் சந்தித்த மாட்டுக்கும் தோல் தடிக்கலாம். அதனால் சில இடங்களில் பறவை டிபி புரதத்தையும் பக்கத்திலேயே ஊசியாகப் போட்டு, இரண்டு வீக்கங்களையும் ஒப்பிடுகிறார்கள். இன்னொரு பக்கம், நோய் முற்றிய மாட்டிலும், சமீபத்தில் கன்று ஈன்ற மாட்டிலும் எதிர்வினை மங்கிவிடலாம். நோய் இருந்தும் நெகட்டிவ் வரும்.

பாசிட்டிவ் வந்தால்?

இந்தியாவில் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான மதிப்பீட்டின்படி, இங்கே நூற்றுக்கு 7.3 மாடுகளுக்கு டிபி தொற்று இருக்கலாம். எண்ணிக்கையில் சுமார் 2.18 கோடி. இது மாடு மாடாக எண்ணிய கணக்கு இல்லை. ஆனாலும் பிரச்சினையின் அளவைக் காட்டப் போதுமானது.

பிரிட்டனில் பாசிட்டிவ் மாட்டைக் கொன்று, உரிமையாளருக்கு இழப்பீடு தருகிறார்கள். இங்கே நாடு முழுவதற்குமான அப்படியொரு கட்டாயத் திட்டம் இல்லை. பல மாநிலங்களில் பசுவதைத் தடைச் சட்டமும் இருக்கிறது. இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு 4 மி.மீ. வீக்கம் என்பது பாதி வருமானம். டெஸ்ட் எடுக்க அவர்கள் ஏன் முன்வருவார்கள்?

தடுப்பூசி போட்டால் என்ன?

உங்கள் தோளில் தழும்பு விட்ட பிசிஜி தடுப்பூசியே, வீரியம் குறைக்கப்பட்ட மாட்டு டிபி கிருமிதான். அதை மாட்டுக்கும் போடலாம். எத்தியோப்பியாவில் நடந்து 2024-ல் வெளியான ஆய்வில், மாட்டிலிருந்து மாட்டுக்குப் பரவுவதை பிசிஜி சுமார் 89% குறைக்கும் என்று தெரிந்தது.

ஆனால் தடுப்பூசி போட்ட மாட்டின் டி செல்களும் கிருமியை நினைவில் வைத்திருக்குமே! அதனால் அந்த மாடும் பழைய டெஸ்டில் பாசிட்டிவ் காட்டலாம். நோயா, தடுப்பூசியா என்று பிரிக்க முடியாது. இதற்காகவே பிசிஜி தூண்டாத சில புரதங்களை மட்டும் வைத்துப் புது ஊசி உருவாக்கியிருக்கிறார்கள். எத்தியோப்பியா, இந்தியா, பிரிட்டன் மாடுகளில் அதைச் சோதித்த முடிவுகள் 2019-ல் வெளியாகின. மாட்டைக் கொல்லாமல் டிபியைக் கட்டுப்படுத்த நினைக்கும் நாட்டுக்குத் தடுப்பூசியும் இந்த டெஸ்டும் சேர்ந்தே வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

பாக்கெட் பாலைப் பாஸ்டரைஸ் செய்யும்போதே இந்தக் கிருமி செத்துவிடுகிறது. ஆபத்து பச்சைப் பாலில்தான். "பண்ணையிலிருந்து நேரடியாக" என்று ஆப்பில் ஆர்டர் செய்து வாங்கினாலும் சரி, பக்கத்துத் தெருவில் கறந்து வாங்கினாலும் சரி, அந்த மாட்டுக்கு டெஸ்ட் எடுத்தார்களா என்று உங்களுக்குத் தெரியாது. பொங்கக் காய்ச்சிக் குடியுங்கள்.