பூட்டிய வீட்டிற் குடியிருப்போர்

சென்ற ஆண்டு விடுமுறைக்குக் கடல்கடந்த நாடொன்றிலிருந்து வந்த எமது பழைய மாணவர் ஒருவர், யாழ்ப்பாணத்தில் தம் பெற்றோர் வாழ்ந்த வீட்டுக்கு எம்மை அழைத்துச் சென்றார். வீடு ஆறாண்டாகப் பூட்டிக் கிடந்தது. தந்தையார் ஆசிரியர், நூல்களை உயிரெனப் போற்றியவர். அலுமாரியைத் திறந்தபோது நூல்கள் வரிசை குலையாது நின்றன. ஒன்றை எடுக்கக் கை நீட்டினோம். அட்டை மட்டும் கையோடு வந்தது. உள்ளே இருந்தது மண். நண்பர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "இதற்கு நல்ல மருந்து எங்கே வாங்கலாம்?" என்று வினவினார்.

நஞ்சை மருந்து என்றழைப்பது எம்மவர் வழக்கு. அவ்வழக்கிலேயே பாதிப் பிழை உளது. பூச்சியைக் கண்ட இடத்திற் கொல்ல முயல்வோர் பலர். அது பிறக்கும் இடத்தைத் தேடுவோர் சிலர். அன்று அவ்வீட்டிலும் வளவிலும் நாம் கண்ட மூன்றினை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

கறையானை வெள்ளையெறும்பு என்பாருமுளர். அஃது எறும்பினமன்று, கரப்பானுக்கு உறவானது. அதன் மெல்லிய உடல் வெயிலையும் வறண்ட காற்றையும் தாங்காது. ஆதலின் செல்லுமிடமெல்லாம் மண்ணாற் குழாய் கட்டி, அதனுள்ளேயே நடமாடும். அந்த மண்கோடே அதனைக் காட்டிக்கொடுப்பது. அலுமாரிக்குப் பின்புறச் சுவரில் இருந்த கோட்டைத் தொடர்ந்து சென்றோம். அது தரையின் வெடிப்பொன்றில் இறங்கியது. வெளியே அதே சுவரோடு சாய்த்து அடுக்கிய பழைய விறகும், அதன் அடியில் உக்கிய முருங்கைக் குற்றியும் இருந்தன. அலுமாரிக்குள் நஞ்சு தெளித்திருந்தால் சில நூறு வேலைக்காரக் கறையான்கள் மடிந்திருக்கும்; நிலத்தினுள் இருக்கும் அரசி இட்ட முட்டைகள் அவ்விழப்பை விரைவில் ஈடுசெய்திருக்கும். விறகை அகற்றுக, குற்றியைத் தோண்டுக, வெடிப்பைச் சீமெந்தால் அடைக்க, அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து மாதமொரு முறை திறந்து பார்க்க. இவையே முதற்செயல்கள். மழைக்குப் பின் ஈசல் பறப்பது இயல்பு. ஆனால் மூடிய அறையின் யன்னலடியில் உதிர்ந்த சிறகுகள் குவிந்து கிடப்பின், புற்று வீட்டினுள்ளேயே உளதென ஐயுறுக. அந்நிலையில் இத்தொழில் அறிந்தவரை அழைத்தலே தக்கது.

அலுமாரிக் கால்களின் கீழ்க் கிண்ணத்தில் நீர் வைக்கும் பழக்கம் எறும்புக்கு ஏற்றது. எனினும் அந்நீரை வாரமொரு முறை கொட்டித் தேய்த்துக் கழுவாதார் எறும்பை விலக்கி நுளம்பை வளர்ப்போராவர்.

முற்றத்திலே தென்னம்பிள்ளை ஒன்று நின்றது. அதன் ஓலைகள் விசிறியைக் கத்தரிக்கோலால் வெட்டினாற்போல முக்கோண முக்கோணமாகக் குறைந்திருந்தன. இது கருவண்டின் கைவேலை. காண்டாமிருக வண்டு என்பதும் இதுவே. வளர்ந்த வண்டு இரவிற் பறந்துவந்து விரியாத குருத்தைத் துளைத்துச் சாற்றை உண்ணும். குருத்து பின்னர் விரியும்போதே வெட்டு வெளிப்படும். ஆகவே நாம் வெட்டைக் காணும் வேளை வண்டு எப்போதோ போயிருத்தல் கூடும். துளைத்த புண் வழியே செவ்வண்டு புகுந்து முட்டையிடின் மரமே மாளும். இனி, இக்கருவண்டின் புழு பச்சை மரத்தைத் தீண்டுவதில்லை என்பதைப் பலர் அறியார். பெருவிரற் பருமனில், வளைந்து, வெண்மையாய்க் கிடக்கும் அப்புழு எருக்கும்பியிலும் உக்கிய தென்னங்குற்றியிலும் பல மாதம் வளர்கின்றது. நண்பரின் வளவில் புயலுக்கு வீழ்ந்த மரமொன்று வேலியோரம் கிடந்தது. மண்வெட்டியாற் பிளந்தோம், ஒரு முழத் துண்டினுள் இருபதுக்கு மேற் புழுக்கள். அயலவர் மூவரின் தென்னைகள் ஏன் கெட்டன என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. குற்றியைத் துண்டாக்கி எரித்தலும், எருக்கும்பியை அடிக்கடி புரட்டிப் புழுக்களைக் கோழிக்கு இடுதலும் பயன்தரும். குருத்தில் வண்டு இருப்பின் நுனி வளைந்த இரும்புக் கம்பியால் இழுத்தெடுக்கலாம். இளமரங்களின் மட்டைக் கவட்டில் வேப்பம்விதைத் தூளை மணலோடு கலந்து இடுதலும் நன்று.

இறுதியாகக் கிணற்றடிக்குச் சென்றோம். எட்டிப் பார்த்தால் நீர் முழுவதும் குடம்பிகள் நெளிந்தன.

நுளம்பின் வரலாற்றை எம்மவர் மறத்தலாகாது. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியா இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. 1946 முதல் வீடுகளுக்கு டி.டி.ரி. தெளிக்கப்பட்டது, 1963இல் நோயாளர் 17 பேரே. வெற்றி பெற்றோம் எனத் தெளிப்பை நிறுத்தினர். 1968, 1969இல் நோய் இலட்சக்கணக்கானோரைப் பற்றியது. மீண்டும் தெளித்தபோது நுளம்பு அந்நஞ்சைத் தாங்கப் பழகியிருந்தது. பின்னர் நோயாளரைத் தேடிச் சென்று குருதி சோதித்துச் சிகிச்சையளித்த பெருமுயற்சியும் சேர்ந்தே, 2016 செப்தெம்பரில் மலேரியா அற்ற நாடு என்ற சான்றை உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து பெற்றுத் தந்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்னும் புது நுளம்பு மன்னாரிற் காணப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. மலேரியாவைப் பரப்ப வல்ல இது, கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் வளர்வது. டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பும் சட்டியிலும் சிரட்டையிலும் மட்டுமன்றி எமது கிணறுகளிலும் வளர்கின்றது. உப்புக் கலந்த கிணற்று நீரும் அதனைத் தடுப்பதில்லை என யாழ்ப்பாண ஆய்வாளர் காட்டியுள்ளனர். ஈடிஸின் முட்டை ஈரமின்றியும் மாதக்கணக்கிற் பிழைத்திருக்கும். மழை பெய்தால் ஏறத்தாழ பத்து நாளில் நுளம்பாகும். நீரைக் கொட்டினாற் போதாது, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்க்க வேண்டும் என்பது இதனாலேயே.

கிணற்றுக்கு நஞ்சிடக் கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? எனினும் எமது நிலம் சுண்ணக்கல். தோட்டத்தில் ஊற்றுவதும் கீழே இறங்கி அயலவர் கிணற்றை அடையக்கூடும். நஞ்சைச் சோடாப் போத்தலில் ஊற்றிச் சமையலறையில் வைக்கும் கொடிய பழக்கத்தையும் இங்கே கண்டித்தே ஆகவேண்டும். பிள்ளைக்கு அது சோடாவே.

நண்பர் புறப்படுமுன் கிணற்றுக்கு நெருக்கமான நைலோன் வலையிட்டு, கப்பி மீன்கள் சிலவற்றையும் விட்டார். பீலியிற் கிடந்த சருகை வாரினார். அடுத்த வீட்டு அம்மையாரிடம் படலையின் திறப்பை ஒப்படைத்து, மாதந்தோறும் வளவைப் பார்க்க ஒருவருக்குக் கூலியும் ஏற்பாடு செய்தார். இவ்விதழை வெளிநாட்டிலிருந்து வாசிக்கும் பழைய மாணவரே, உமது வீட்டுத் திறப்பு யாரிடம் உளது?

அலுமாரியின் மேற்றட்டில் நான்கு நூல்கள் தப்பியிருந்தன. அவற்றை எமது கல்லூரி நூலகத்துக்குத் தந்தார். நூலகர் அவற்றைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, இரண்டு நாள் தனியே வைத்த பின்னரே உள்ளே எடுத்தார்.