தாளில் நாலு வரி, காதில் ஒரு கச்சேரி

இசை எழுத என்ன தெரிந்திருக்க வேண்டும்? ராகம், தாளம், ஸ்வரம் என்றுதானே சொல்வீர்கள்? இவை எதுவும் இல்லாமல், நாம் பேசுகிற சாதாரண வாக்கியத்திலேயே இசை எழுதியவர்கள் இருக்கிறார்கள். "இதைச் செய், இதைக் கவனித்துக் கேள்" என்று நாலே வரி. அதுதான் அவர்களுடைய இசைத்தாள். படிக்கத் தெரிந்த யாரும் அதை எடுத்துச் செய்யலாம். 1960-களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் புதுமை தேடிய இசைக்காரர்கள் இப்படி நூற்றுக்கணக்கில் எழுதினார்கள். சொற்களால் ஆனதால் நாம் இதைச் 'சொல் இசைத்தாள்' என்று அழைப்போம்.

சேலை நெய்யும் ஊரான இளம்பிள்ளையின் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும். ஜக்கார்டு தறியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தறியின் உச்சியில் உள்ள பெட்டியில் ஓட்டை போட்ட அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். ஓட்டை இருக்கிற இடத்தில் பாவு நூல் மேலே எழும்பும், இல்லாத இடத்தில் கீழேயே கிடக்கும். இடையில் ஊடை பாயும். மயிலோ மாங்காயோ சேலையில் விழுவது இப்படித்தான். பிரான்சில் ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-இல் கொண்டுவந்த முறை இது. அட்டையில் மயிலும் இல்லை, நூலும் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்கிற கட்டளை மட்டும் இருக்கிறது. சொல் இசைத்தாளும் அப்படியே. அதில் ஒலி இல்லை, ஒலிக்கான கட்டளை இருக்கிறது. ஒரே ஒரு வேறுபாடு: ஒரே அட்டையில் எத்தனை சேலை நெய்தாலும் பூ மாறாது. ஒரே இசைத்தாளை நீங்கள் செய்தால் ஒரு மாதிரியும் உங்கள் தங்கை செய்தால் வேறு மாதிரியும் வரும். எழுதாமல் விட்டதை எல்லாம் செய்கிறவர்தானே நிரப்ப வேண்டும்!

கல்லில் வெட்டிய கட்டம்

ஒலியை எழுத்தில் பிடித்து வைப்பது நம் கொங்கு நாட்டுக்குப் புதிதில்லை. ஈரோடு மாவட்டத்து அறச்சலூரில் ஒரு மலைக்குகை இருக்கிறது. அங்கே பாறையில், குறைந்தது 1,600 ஆண்டுகளுக்கு முந்தைய எழுத்தில், இப்படி ஒரு கட்டம் வெட்டப்பட்டிருக்கிறது:

த தை தா தை த
தை தா தே தா தை
தா தே தை தே தா
தை தா தே தா தை
த தை தா தை த

இடமிருந்து வலமாகப் படியுங்கள். வலமிருந்து இடமாகப் படியுங்கள். மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக எப்படிப் படித்தாலும் ஒரே வரிசை வருகிறது, பார்த்தீர்களா? நான்கே அசைகளை வைத்து 25 இடங்களை நிரப்பிய கணக்கு இது. ஆடலுக்கோ தாளத்துக்கோ உரிய சொற்கட்டு என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். எழுத்துகளை இப்படிச் சேர்த்தவர் வண்ணக்கன் தேவன் சாத்தன் என்று அங்கேயே பெயரும் வெட்டியிருக்கிறது. வண்ணக்கன் என்றால் பொன், மணி, நாணயம் ஆகியவற்றின் தரம் பார்த்துச் சொல்பவர்.

எவ்வளவு வேகத்தில் சொல்ல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று கல்லில் இல்லை. அது உங்கள் பொறுப்பு. நாலு பேர் சேருங்கள். ஒருவர் முதல் வரியையும் அடுத்தவர் இரண்டாம் வரியையும் பிடித்துக்கொண்டு ஒரே நேரத்தில் கைதட்டிச் சொல்லிப் பாருங்கள்.

சொட்டும் தண்ணீர்

ஜார்ஜ் பிரெக்ட் என்ற அமெரிக்கர் தொழிலால் வேதியியலாளர். அவர் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஓர் இசைத்தாள் எழுதினார். ஒரு காலிப் பாத்திரம், அதற்கு மேலே தண்ணீர், பாத்திரத்தில் தண்ணீர் சொட்ட வேண்டும். சாரம் இவ்வளவுதான். "இதெல்லாம் இசையா?" என்று கேட்காதீர்கள். செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஓர் எவர்சில்வர் சட்டியில் பாதி தண்ணீர் வையுங்கள். குழாயை இறுக்கி, சொட்டுச் சொட்டாக விழ விடுங்கள். 'ப்ளிங்க்' என்று கேட்கிறதே, அந்த ஒலி எங்கிருந்து வருகிறது? சொட்டு தண்ணீரில் மோதுவதால் என்றுதான் நாம் நினைப்போம். மோதும்போது அநேகமாகச் சத்தமே இல்லை! சொட்டு விழுந்த இடத்தில் சின்னக் குழி உண்டாகிறது. குழி மூடிக்கொள்ளும்போது அடியில் ஒரு குட்டிக் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்கிறது. அந்தக் குமிழி அதிர்கிறது. அது நீர்ப்பரப்பையே மேலும் கீழும் அதிரவைக்கிறது. அந்த அதிர்வுதான் காற்றில் ஏறி நம் காதுக்கு வருகிறது.

இதை 2018-இல் விளக்கியவர்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அனுராக் அகர்வாலும் அவருடைய குழுவினரும். பிரேசிலில் நண்பர் வீட்டுக்கு அவர் போயிருந்தபோது கூரை ஒழுகி, வாளியில் சொட்டிய சத்தம் அவரைத் தூங்கவிடவில்லை. ஏன் இந்தச் சத்தம் என்று யோசித்தவர், அதிவேகக் கேமராவும் ஒலிவாங்கிகளும் வைத்து ஆராய்ந்தார். சத்தத்தை நிறுத்தவும் வழி கண்டார்: சட்டித் தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைசலைக் கலந்தால் நீரின் பரப்பு இழுவிசை குறைகிறது. குமிழி மாட்டுவதில்லை, 'ப்ளிங்க்' மறைந்துவிடுகிறது. சோப்பு இல்லாமல் ஒரு முறை, சோப்புடன் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பிரெக்டின் இசைத்தாளை இரண்டு விதமாக வாசித்தவர் ஆகிவிடுவீர்கள்.

பாடும் அறை

இன்னொரு அமெரிக்கர், ஆல்வின் லூசியர். அவருக்குத் திக்குவாய். 1969-இல் அவர் எழுதிய தாளின் சுருக்கம் இது: ஓர் அறையில் உட்கார்ந்து பேசு, பதிவு செய். அந்தப் பதிவை அதே அறையில் ஒலிக்கவிட்டு மறுபடி பதிவு செய். புதிய பதிவை மீண்டும் ஒலிக்கவிட்டுப் பதிவு செய். இப்படியே தொடர். போகப் போக வார்த்தைகள் கரைகின்றன. திக்கலும் கரைந்துவிடுகிறது. கடைசியில் மணி அதிர்ந்து நீள்வதுபோல் சில சுருதிகள் மட்டும் மிஞ்சுகின்றன. அவை அந்த அறைக்கே சொந்தமான சுருதிகள்.

ஏன்? எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி போய்ப் போய்த் திரும்புகிறது. சுவர்களுக்கு இடையே 3.5 மீட்டர் என்றால் போய்வர 7 மீட்டர். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் ஓடும். 350-ஐ 7-ஆல் வகுத்தால் 50. நொடிக்கு 50 அதிர்வும் அதன் மடங்குகளான 100, 150, 200-உம் அந்த அறையில் வலுக்கும்; மற்றவை மங்கும். ஒவ்வொரு பதிவிலும் வலுத்தது மேலும் வலுக்கிறது, மங்கியது மேலும் மங்குகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றுக்கும் தனித்தனிக் கணக்கு இருப்பதால் ஒவ்வொரு அறையின் பாட்டும் தனி.

சாமான் இல்லாத அறையில் இரண்டு செல்பேசிகளை எதிரெதிரே வைத்து வீட்டுப் பெரியவர்களோடு செய்து பாருங்கள். செல்பேசியின் சின்ன ஒலிபெருக்கி 50-ஐ எழுப்பாது. மேலே உள்ள மடங்குகள்தான் கேட்கும். பாய், மெத்தை, துணி மூட்டை எல்லாம் ஒலியை உறிஞ்சிவிடும். சேலைக் கட்டுகள் அடுக்கிய அறையில் இந்தச் சோதனை தோற்றுப்போகும். ஏன் என்று இப்போது உங்களுக்கே தெரியும்!

பாதமும் ஒரு காது

பாலின் ஒலிவரோஸ் என்ற அம்மையார் 1970-களின் தொடக்கத்தில் எழுதிய ஒரு தாள், இரவில் சத்தமே இல்லாமல், பாதங்களே காதுகளாகும்படி நடக்கச் சொல்கிறது. இளம்பிள்ளையில் இதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. விசைத்தறி ஓடும் கட்டடத்துக்கு வெளியே வெறுங்காலுடன் நில்லுங்கள். தரை வழியாகத் தறியின் அடி பாதத்தில் ஏறும். ஒலி காற்றில் மட்டுமல்ல, கல்லிலும் இரும்பிலும் பரவும். காற்றைவிடப் பல மடங்கு வேகமாகவே பரவும்.

தறிக்கூடத்துக்கு உள்ளே போய் நெடுநேரம் நிற்காதீர்கள். 85 டெசிபல் சத்தத்தில் தினமும் 8 மணி நேரம் இருந்தாலே செவித்திறன் கெடத் தொடங்கும். அம்மாவோ அப்பாவோ தறி ஓட்டுகிறவர் என்றால், காதில் பஞ்சு மட்டும் போதாது, காதடைப்பான் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்போது நீங்கள் எழுதுங்கள்

எனக்குத் தோன்றிய இரண்டு இதோ:

ஒன்று: காலிக் குடத்தில் தண்ணீர் பிடி. கண்ணை மூடிக்கொள். சுருதி ஏறுவதை மட்டும் கேள். நிறையப்போகிறது என்று காது சொல்லும்போது குழாயை மூடு.

இரண்டு: கஞ்சமலை அடிவாரத்தில் நண்பர்களோடு உட்கார். மிகத் தொலைவில் கேட்கும் ஒலி எது என்று கண்டுபிடி. அதைவிடத் தொலைவில் ஒன்றைத் தேடு.

நீங்கள் எழுதும் தாளில் மூன்று விஷயங்கள் இருக்கட்டும். யாரும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். யாருக்கும் ஆபத்து வரக்கூடாது. கட்டாயம் கேட்டே ஆக வேண்டிய ஓர் ஒலி இருக்க வேண்டும். எழுதியதை நீங்களே செய்யாமல் பக்கத்து பெஞ்சில் இருப்பவரிடம் கொடுங்கள். அவர் செய்வதைக் கூட இருந்து கேளுங்கள். நீங்கள் நினைத்ததும் நடந்ததும் எங்கே வேறுபட்டன என்று நோட்டில் குறித்து, ஏன் என்று காரணம் தேடுங்கள். இசையும் அறிவியலும் ஒன்றாகத் தொடங்கும் இடம் அதுதான்.