அவள் முதலில் பேசட்டும்

வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் 'மியாவ்' என்று பேசிக்கொள்வது மிகக் குறைவு. அது குட்டி தன் தாயைக் கூப்பிடும் குரல். பெரிதானபின் மற்ற பூனைகளிடம் வாலாலும் காதாலும் வாசனையாலும் பேசும். சண்டை வந்தால் உறுமும், சீறும். அந்தக் குட்டிக் குரலை ஆயுசு முழுக்க வைத்திருப்பது பெரும்பாலும் மனிதர்களுக்காகத்தான். நமக்கு வாலும் இல்லை, மோப்பமும் போதாது. குரல் கொடுத்தால் திரும்பிப் பார்ப்போம் என்று பூனை கண்டுகொண்டிருக்கிறது. இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு மனம் நெகிழ்ந்துபோனது. பாதி தூரம் அது வந்துவிட்டது. மீதியை நாம்தான் நடக்க வேண்டும்.

எங்கள் வீடு நாகர்கோவிலில். எங்கள் பூனை மல்லிக்கு வெள்ளை உடம்பு, முதுகில் கறுப்புத் திட்டு. மீன்காரர் வண்டியின் ஹாரன் தெருமுனையில் கேட்டதுமே அடுக்களைக்கு ஓடிவந்து குரல் கொடுப்பாள். குட்டைக் குரல், முடிகிற இடத்தில் மேலே ஏறும். சாத்திய கதவின் முன்னால் நின்று கத்துவது வேறு. நீட்டி இழுத்து, கடைசியில் தாழ்ந்துபோகும். அம்மா புறவாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாலும் இரண்டையும் பிரித்தறிவார். "என்ன மக்களே, கதவு தொறக்கணுமா? இந்தா வாறேன்" என்று அங்கிருந்தே பதில் வரும். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஒலியியல் ஆய்வாளர் சூசன் ஷெட்ஸ் பூனைக் குரல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிடும் குரல் பெரும்பாலும் ஏறிமுடிகிறது, மருத்துவமனையில் எழுப்பும் குரல் இறங்கிமுடிகிறது என்று கண்டார். பூனையோடு பழகியவர்கள் இந்த வித்தியாசத்தை மற்றவர்களைவிட நன்றாகப் பிடித்தார்களாம். அம்மாவுக்கு அந்த ஆய்வு தெரியாது, மல்லியின் குரல் தெரியும். ஆனால் அடுத்த வீட்டுப் பூனை கத்தினால் அம்மாவே திணறுவார். ஒவ்வொரு பூனையும் தன் வீட்டாரோடு தனக்கென்று ஒரு பேச்சை உண்டாக்கிக்கொள்கிறது.

நாம் பேசுவது அதற்குப் புரிகிறதா? பெயர் தெரியும் என்பதில் சந்தேகமில்லை. ஜப்பானில் அட்சுகோ சைட்டோ குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பெயரைப் போன்ற நீளமுள்ள வேறு சொற்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, பூனையின் பெயரைச் சொன்னார்கள். மற்ற சொற்களுக்கு அசட்டையாகிப்போயிருந்த பூனைகள், தம் பெயர் வந்ததும் காதைத் திருப்பின, தலையை அசைத்தன. எழுந்து வந்தவை குறைவு. "கூப்பிட்டா வரவே மாட்டேங்குது, திமிர்" என்று சொல்பவர்கள் அடுத்த முறை காதைப் பார்க்க வேண்டும். பதில் அங்கே இருக்கும். 2022-இல் பிரான்ஸில் சார்லட் டி மூசோன் நடத்திய ஆய்வு இன்னும் நெருக்கமானது. வளர்ப்பவர் பூனையிடம் கொஞ்சும் தொனியில் பேசிய பதிவுக்குப் பூனைகள் கவனம் திருப்பின. முன்பின் தெரியாதவர் அதே மாதிரி கொஞ்சினால் கண்டுகொள்ளவில்லை. கொஞ்சிப் பேசுவதை யாராவது கேலிசெய்தால் கவலைப்படாதீர்கள். அது சரியான இடத்துக்குப் போய்ச் சேர்கிறது.

பேச்சைவிட எனக்குப் பிடித்தது கண். மல்லி ஜன்னல் திட்டில் உட்கார்ந்து என்னைப் பார்ப்பாள். நான் நேராக வெறித்துப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்; பூனைகளுக்குள் வெறித்த பார்வை மிரட்டல். அதனால் கண்களைப் பாதி மூடி, ஒரு மூச்சு நேரம் அப்படியே வைத்து, மெல்லத் திறப்பேன். சற்றுப் பொறுத்து அவள் இமைகளும் இறங்கும்; முழுக்க மூடாமல் ஒரு கீற்று மஞ்சள் தெரியும், மீசை தளரும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2020-இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். மெல்ல இமைத்துக் காட்டிய அந்நியரிடம்கூடப் பூனைகள் முன்வந்து நெருங்கின.

தொடுவதில்தான் பெரும்பாலான மனத்தாங்கல்கள் தொடங்குகின்றன. எதிர்வீட்டுப் பையன் மல்லியைக் கண்டதும் தூக்கப் போவான், அவள் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுவாள். "நீ உக்காரு தம்பி, கையை மட்டும் தாழ்த்தி நீட்டு" என்று சொல்லிவைத்தேன். விரல் நுனியை அவள் மோந்து பார்த்து, கன்னத்தை உரசிய பிறகு தடவலாம். கன்னம், தாடை, காதடி நல்லது. வயிறும் வாலடியும் வேண்டாம். பூனை தானாகத் தொடங்கிய கொஞ்சல், நாம் தொடங்கியதைவிட நெடுநேரம் நீடிக்கும் என்று சூரிச்சில் டென்னிஸ் டர்னர் கண்டிருக்கிறார். வால் நுனி வெடுக் வெடுக்கென்று அடிக்க ஆரம்பித்தால், முதுகுத் தோல் சிலிர்த்தால், கையை எடுத்துவிட வேண்டும். கடிப்பதற்கு முன் பூனை இத்தனை தடவை சொல்லிப் பார்க்கிறது. கேட்டால் கடிக்க வேண்டிய அவசியமே அதற்கு வராது. பையன் இப்போது வாலைப் பார்த்துக்கொண்டேதான் தடவுகிறான். அவளும் அவனிடம் வாலை நிமிர்த்திக்கொண்டு வருகிறாள்.

பூனையின் பேச்சை இப்படிக் கவனிக்கும் பழக்கத்தின் உண்மையான பயன் நோய் நேரத்தில் தெரியும். பூனை வலியை மறைக்கும். சுகமாக இருக்கும்போது போலவே வலியிலும் பிரசவத்திலும்கூடக் குர்ர்ரென்று சத்தமிடும், ஆகவே அந்தச் சத்தத்தை மட்டும் நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. ஒருநாள் சாளைமீன் வந்தும் மல்லி அடுக்களைக்கு வரவில்லை. "அவ கேக்கலையே" என்று அம்மாதான் முதலில் கவனித்தார். மருத்துவர் வாயைத் திறந்து பார்த்தபோது ஈறு சிவந்து வீங்கியிருந்தது. வழக்கமான குரல் நின்றுபோவது, ராத்திரியெல்லாம் கத்துவது, மூலையில் ஒளிந்துகொள்வது எல்லாமே விசாரிக்க வேண்டிய மாற்றங்கள். காய்ச்சல் என்று நினைத்து வீட்டிலிருக்கும் பாரசிட்டமால் கொடுத்துவிடக் கூடாது. ஒரு மாத்திரையே பூனையின் உயிரைக் குடித்துவிடும். ஆண் பூனை அடிக்கடி மண்தட்டில் போய் உட்கார்ந்து, சிறுநீர் வராமல் முக்கிக் கத்தினால் பாதை அடைத்திருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரத்திலேயே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.