வீட்டுக்குள் ஓடும் நீர் – 9: வளைவில் தங்கும் தண்ணீர்

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் மாமி வீட்டுக் கதவைத் திறந்ததும் கூழ்முட்டை மணம் முகத்தில் அடித்தது. மகளின் பிள்ளைப்பேற்றுக்காக மட்டக்களப்பில் மூன்று மாதம் தங்கிவிட்டு அன்றுதான் திரும்பியிருந்தார். "எலி ஏதும் செத்துக் கிடக்குதோ தெரியாது தம்பி, அலுமாரிக்குப் பின்னாலயும் பாத்திட்டன்" என்றார்.

எலி இல்லை. குளியலறையில் குனிந்து, முகம் கழுவும் பேசினுக்குக் கீழே குழாய் வளைகிற இடத்தை விரலால் தட்டினேன். டொக் டொக்கென்று வெறும் பிளாஸ்டிக் சத்தம். தண்ணீர் நின்றிருந்தால் சத்தம் மந்தமாக வரும். ஒரு கோப்பைத் தண்ணீரைப் பேசினில் மெதுவாக ஊற்றி, மறுபடி தட்டினேன். இப்போது சத்தம் அடங்கியிருந்தது. யன்னல்களைத் திறந்துவைத்தோம். பின்னேரத்துக்குள் மணம் போய்விட்டது.

மோதிரமோ மூக்குத்தியோ தவறி விழுந்தால் எடுப்பதற்காகவே அந்த வளைவு என்று பலர் நினைக்கிறார்கள். எடுக்கலாம்தான். ஆனால் வளைவின் வேலை ஒரு கை தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது. ஆழம் 50 முதல் 75 மில்லிமீட்டர், அதற்கு மேல் தேவையில்லை. குழாயின் மறுமுனை போய்ச் சேரும் குழியில் ஐதரசன் சல்பைட்டும் மீதேனும் உண்டாகிக்கொண்டே இருக்கும். கரப்பானும் நுளம்பும் அங்கேதான் குடியிருக்கும். அந்தத் தண்ணீரைத் தாண்டி அவை எளிதில் மேலே வரமுடியாது. லண்டனில் கடிகாரம் செய்துகொண்டிருந்த ஸ்கொட்லாந்துக்காரர் அலெக்சாண்டர் கமிங் 1775 இல் காப்புரிமை பெற்ற கழிப்பறையில் இந்த வளைவு இருந்தது. பற்சக்கரங்களோடு வாழ்ந்த ஒருவரின் பெயரோடு, அசையும் பாகமே இல்லாத இந்த ஏற்பாடு சேர்ந்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பு. இங்கே தண்ணீரே கதவு. நாம் கை கழுவும் ஒவ்வொரு தடவையும் பழைய தண்ணீர் போய்ப் புதுத் தண்ணீர் வந்து நிற்கும்.

கை கழுவ ஆளில்லாவிட்டால் கதவு ஆவியாகிப் போய்விடும். திருகோணமலை வெயிலில் மூன்று மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் நடந்தது அதுதான். நெடுநாள் வெளியூர் போகிறவர்கள் புறப்படும்போது வளைவில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டால், அது தண்ணீரின் மேல் படர்ந்து ஆவியாவதைக் குறைக்கும்.

மணம் மட்டும்தானே என்று இதை விட்டுவிட முடியாது. 2003 மார்ச்சில், சார்ஸ் நோய் பரவிய காலத்தில், ஹொங்கொங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடியில் 300க்கும் மேற்பட்டோருக்கு நோய் தொற்றியது. 42 பேர் இறந்தார்கள். குளியலறைத் தரையின் வடிகால் வளைவுகள் பல வீடுகளில் காய்ந்து கிடந்தன. தரையை யாரும் தண்ணீர் ஊற்றிக் கழுவவில்லை, துடைத்துத்தான் வந்தார்கள். குளியலறை விசிறி காற்றை வெளியே இழுத்தபோது, காய்ந்த வளைவு வழியாகக் கழிவுக் குழாயின் காற்று உள்ளே வந்ததென்று விசாரணையில் சொன்னார்கள். ஒரு வாளித் தண்ணீரை நாள்தோறும் தரையில் ஊற்றியிருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும் என்று நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

மாமி வீட்டில் மறுநாள் காலை மணம் திரும்ப வந்தது. பேசினை நிரப்பி அவர் துணி அலசியிருந்தார். அடைப்பை எடுத்ததும் தண்ணீர் சுழன்று இறங்கி, முடிவில் 'களக்... களக்...' என்றது. அந்தச் சத்தம்தான் விசயத்தைச் சொன்னது. குழாய் நிறையத் தண்ணீர் ஓடும்போது அது தன் பின்னால் வருவதையும் இழுத்துக்கொண்டு போகும். வளைவில் தங்கவேண்டிய தண்ணீரும் கூடவே போய்விடும். கடைசியில் கேட்பது, வளைவு வழியாகக் காற்று உறிஞ்சப்படும் சத்தம். வளைவைத் தாண்டியதும் குழாய் நேரே தரைக்குள் இறங்கினால் இந்த இழுப்பு அதிகம். சுவருக்குள் கிடையாகப் போனால் குறைவு. வளைவுக்குப் பின்னால் கூரைக்கு மேல்வரை ஒரு காற்றுக் குழாய் எழுந்தால், காற்று அதன் வழியே வந்துவிடும், வளைவுத் தண்ணீர் தப்பும். மாமி வீட்டில் குழாய் நேரே தரைக்குள் இறங்கியது. காற்றுக் குழாயும் இல்லை. போதாததற்கு, பேசின் குழாய் மலசலகூடக் குழியிலேயே போய் முடிந்தது.

வீடு கட்டிய மேசனை மாமி திட்டவில்லை, நானும் திட்டமாட்டேன். அந்த வீடு எப்படி எழுந்தது என்று எங்களுக்குத் தெரியும். 2006 ஏப்ரலில் குண்டுகள் விழத் தொடங்கியபோது ஊர் ஓடியது. செப்டெம்பர் 4 இல் இராணுவம் சம்பூரைக் கைப்பற்றியது. 2007 இல் அது உயர் பாதுகாப்பு வலயமானது. பிறகு அந்த நிலத்தில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் என்றார்கள். சனம் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் பக்கத்து முகாம்களில் கிடந்தது. 2015 இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த 177 ஏக்கர் 2016 மார்ச்சில் கைக்கு வந்தது. மாமி தன் காணியை அடையாளம் கண்டது கிணற்றை வைத்து. வீடு நின்ற இடத்தில் பற்றைதான் இருந்தது.

முகாமில் ஒன்பது வருடம் பொதுக் குழாயடியில் வாளியோடு வரிசையில் நின்றவர் அவர். புது வீட்டில் பேசின் வேண்டும் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தாராம். "வெளிய போகாம, கதவப் பூட்டிக்கொண்டு முகம் கழுவோணும்" என்று மேசனிடம் சொன்னதை எனக்கும் சொன்னார். அந்தப் பேசினில் கூழ்முட்டை மணக்க விடலாமா?

குழாயை எப்படி மாற்றுவது என்று பார்க்கப் போய், அதைவிடப் பெரிய கவலை ஒன்று கண்ணில் பட்டது. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே கயிறு பிடித்து அளந்தோம். 11 மீட்டர். குறைந்தது 15 மீட்டராவது, அதாவது 50 அடி, வேண்டும் என்பதுதான் நம் நாட்டில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கரையோர மணலில் தண்ணீர் விரைவாக ஊறிப் பரவும். கார்த்திகை, மார்கழியில் வாடைமழை கொட்டும்போது நிலத்தடி நீர் மேலெழுந்து குழியின் அடியைத் தொட்டுவிட்டால், கிணற்றுக்கும் குழிக்கும் நடுவில் மண் வடிகட்டுவது மிகவும் குறைந்துவிடும். நகரத்தில் இருப்பவருக்குப் பேசின் தண்ணீர் துளைக்குள் போனதும் கதை முடிந்தது. சம்பூரில் அது காணியை விட்டு எங்கும் போவதில்லை. அதே மண்ணுக்குள் இறங்கி, அதே கிணற்றைத் தேடி வரும். மழைக்கு முன் காணியின் மறுகோடியில் புதுக்குழி வெட்டுவதென்றும், அதுவரை குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைப்பதென்றும் முடிவுசெய்தோம்.

பேசின் வேலை அரை நாளில் முடிந்தது. தரைக்குள் இறங்கிய குழாயை வெட்டி, வாயை இறுக்கி மூடினார் மேசன். ஒன்றேகால் அங்குல எஸ்லோன் பைப்பைச் சுவரில் துளையிட்டு வெளியே எடுத்து, 40 அடிக்கு ஓரடி சரிவில், கிணற்றுக்கு எதிர்ப்புறம் நிற்கும் வாழைகளுக்கு விட்டார். வளைவைக் கழற்றியபோது உள்ளே சாம்பல் நிறத்தில் களிபோல ஒன்று படிந்திருந்தது. வன்னீரில் சவர்க்காரம் திரண்டு, தலைமயிரோடும் காலில் வந்த மணலோடும் சேர்ந்து இறுகியது. ஒரு குச்சியால் வழித்தெடுத்துவிட்டுப் பூட்டினோம். இரசாயனத் தூள் எதுவும் தேவைப்படவில்லை.

பேசினின் மேல் விளிம்புக்குக் கீழே இருக்கும் சிறிய துளையைக் காட்டி, "இதையும் அடைச்சிருவமா? கரப்பான் வருமே" என்று கேட்டார் மாமி. வேண்டாம் என்றேன். குழாயைத் திறந்தபடி மறந்துபோனால் தண்ணீர் வெளியே வழியாமல் காப்பது அதுதான். தண்ணீர் இறங்கும்போது காற்று புகவும் அது உதவும். அந்தத் துளையும் வளைவுக்கு மேலேதான் போய்ச் சேர்கிறது. அதனால் கீழே இருக்கும் தண்ணீர் அதற்கும் காவல்.

மறுநாள் விடிய, பல் விளக்கிவிட்டு வாயைக்கூடத் துடைக்காமல் மாமி பின்பக்கம் போனார். வாழையடியில் குனிந்து நின்று பார்த்தார். குழாய் வாயிலிருந்து பற்பசை நுரையோடு தண்ணீர் மணலில் இறங்கிக்கொண்டிருந்தது. "வருது தம்பி" என்றார்.