கேர்னலின் பெயரும் பொதியின் பெயரும்: மாற்றியமைத்த லினக்ஸ் கேர்னல்களின் பதிப்புப் பெயரிடல் பற்றிய ஒரு விளக்கம்

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கி நூல் பதிப்பிப்போர், தம் முன்னுள்ள பாடம் எச்சுவடியிலிருந்து வந்தது, எவர் கையால் எவ்விடத்தில் மாறியது என்பவற்றையே முதலில் அறிய முயல்வர். அச்செய்தி கிட்டாதவிடத்துப் பாடத்தின் தகுதியைத் தீர்மானித்தல் அரிதாகும். கணனியின் பணிசெயல் முறைமையை மாற்றியமைத்துப் பிறருக்கு வழங்குவோர் முன்னும் இதே வினா எழுகின்றது. பலருடைய கூட்டுழைப்பால் உருவாகும் ஒரு படைப்பில் யார் எதனை மாற்றினர் என்பது அதன் பெயரில் எவ்வாறு பதிவாகின்றது என்பது இரு துறைக்கும் பொதுவான பிரச்சினையாகும். இலக்கிய மாணவராகிய நாம் இவ்விடயத்தை எடுத்துக்கொள்வதற்கு அதுவே காரணம்.

1. பெயரின் வரலாறு

கேர்னல் என்பது பணிசெயல் முறைமையின் கருப்பகுதி. செயலி, நினைவகம், வட்டு, வலையமைப்பு ஆகியவற்றை ஏனைய மென்பொருள்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது அதுவே. 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிவைத்த லினக்ஸ் கேர்னல், 1992 முதல் குனூ பொது உரிமத்தின் கீழ் வழங்கப்பட்டு வருகின்றது. எவரும் அதன் மூலநிரலைப் பெறலாம், மாற்றலாம், உரிமத்தின் நிபந்தனைகளுக்கு அமைய மீள வழங்கலாம். இதன் பயனாக நிறுவனங்களும் ஆய்வுக்கூடங்களும் தனியாட்களும் தத்தம் தேவைக்கேற்ற கேர்னல்களை ஆக்கி, நிறுவுதற்கு வசதியாகப் பொதிகளாகக் கட்டிக்கொள்கின்றனர்.

அதிகாரபூர்வமான மூலநிரலின் தலைமைக் கட்டளைக் கோப்பில், முதல் வரிகளிலேயே பதிப்பெண் உறுப்பு உறுப்பாக எழுதப்பட்டிருக்கும். 6.1.76 என்பதில் 6, 1, 76 என்னும் மூன்று எண்களைக் காண்கிறோம். நான்காம் உறுப்பு பரீட்சார்த்த வெளியீடுகளுக்குரிய அடையாளத்தைத் தாங்குவது. இவ்வெண்கள் இயற்கை அளவைகள் அல்ல. சமூக வழக்கினாற் பொருள் பெறுபவை என்பது ஈண்டு நோக்கற்பாலது. 2003 டிசெம்பரில் 2.6 வெளியாகும் வரை, இரண்டாம் எண் ஒற்றையாயின் வளர்ச்சிநிலைப் பதிப்பு, இரட்டையாயின் நிலையான பதிப்பு என்ற வழக்கு நிலவியது. பின்னர் அது கைவிடப்பட்டது. 2011 ஜூலையில், 2.6.39இன் பின் வந்த பதிப்பு 3.0 எனப் பெயர் பெற்றது. பெரிய தொழில்நுட்ப முறிவு எதுவும் அதற்குக் காரணமன்று. கேர்னல் இருபதாவது ஆண்டை எட்டியிருந்தது, எண்களும் அளவுக்கு மீறி நீண்டுவிட்டன.

ஆயினும் வழக்கு மாறியதும் அதன் மேல் எழுந்த கட்டுமானங்கள் ஆட்டங்கண்டன. பதிப்பெண் 2.6 என்றே தொடங்கும் என்றும், மூன்று உறுப்புகள் இருக்கும் என்றும் நம்பி எழுதப்பட்ட செயலிகள் தடுமாறின. எனவே பெடோரா 15 வழங்கல் 3.0 கேர்னலை 2.6.40 என்ற பெயரில் அளித்தது. பழைய செயலிகளுக்குத் தன்னை 2.6.40 முதலாகக் கூறிக்கொள்ளும் வசதியொன்று கேர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. 2021இல் 4.4, 4.9 ஆகிய கிளைகளின் மூன்றாம் எண் 256ஐ எட்டியபோதும் இத்தகைய நெருக்கடி தோன்றியது. அவ்வெண்ணுக்கு எட்டு பிற் இடமே ஒதுக்கப்பட்டிருந்தமையால் 255க்கு மேற்பட்டதை அது தாங்காது. பெயர் வெறும் முகப்பட்டை அன்று. பிற மென்பொருள்கள் அதனை நம்பிச் செயற்படுகின்றன.

2. இரு பெயர்கள்

பொதியாக்குவோர் முதலில் தெளிவுற வேண்டியது, இங்கே ஒன்றல்ல, இரு பெயர்கள் உள்ளன என்பதாகும். முதலாவது, இயங்கிக்கொண்டிருக்கும் கேர்னலிடம் 'நீ யார்?' என வினவும்போது அது தரும் விடை. இதனைக் கேர்னற்பெயர் என்போம். கேர்னலுடன் சேர்ந்தியங்கும் மொடியூல்கள் என்னும் துணைக்கூறுகள் இப்பெயர் தாங்கிய கோப்புறையிலேயே வைக்கப்படுகின்றன. கேர்னல் அவற்றைத் தேடுவதும் அங்கேதான். இரண்டாவது, பொதி முகாமையாளர் என்னும் மென்பொருள், இரு பொதிகளுள் எது புதியது எனத் தீர்மானிப்பதற்குப் பயன்படுத்தும் பொதிப்பதிப்பெண். டெபியன் முறைமையில் கேர்னற்பெயர் பொதியின் பெயருக்குள்ளேயே இடம்பெறும். பொதிப்பதிப்பெண் அதற்குப் புறம்பானது.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கின்றது. அருகருகே ஒருங்கு நிறுவப்பட வேண்டிய கேர்னல்களுக்கு வெவ்வேறு கேர்னற்பெயர் வேண்டும். ஒன்றை மற்றொன்று நீக்கி அதனிடத்தில் அமர வேண்டுமாயின், கேர்னற்பெயர் ஒன்றாகவும் பொதிப்பதிப்பெண் உயர்ந்ததாகவும் இருத்தல் வேண்டும்.

இவ்விதியின் அருமையை நாம் இழப்பின் மூலமே கற்றோம். பழைய சஞ்சிகைகளைப் படம்பிடித்துச் சேமிக்கும் பணியில் நாம் ஈடுபட்டிருந்த ஓரிடத்தில், படமெடுக்கும் கருவிக்காகக் கேர்னலைச் சிறிது மாற்றி மீளக் கட்டினோம். பின்னொட்டு எதனையும் சேர்த்தோமில்லை. புதிய பொதி பழையதன் பெயரையே தாங்கியமையால் முகாமையாளர் பழையதை நீக்கிப் புதியதை அமர்த்தியது. புதிய கேர்னல் தொடங்க மறுத்தது; திரும்பிச் செல்வதற்குப் பழைய கேர்னலும் இல்லை. மூன்று நாட்கள் வேலை நின்றது. எழுதுவதற்கு ஒரு கணமே வேண்டியிருந்த பின்னொட்டு அம்மூன்று நாட்களையும் காப்பாற்றியிருக்கும்.

3. பின்னொட்டு இடும் முறை

அதிகாரபூர்வ எண்ணைத் திருத்தாது அதன் பின்னே சேர்ப்பதே முறை. இதற்கு மூன்று வழிகள் உள. மூலநிரற் கோப்புறையில் 'லோக்கல்வேர்ஷன்' என்று தொடங்கும் பெயருடைய கோப்பொன்றை வைத்து அதில் எழுதலாம்; கட்டமைப்புத் தெரிவுகளில் அதற்கென உள்ள இடத்தில் எழுதலாம்; கட்டும்போது கட்டளையுடன் சேர்த்துத் தரலாம். மூன்றும் தரப்படின் இவ்வரிசையிலேயே ஒட்டப்படும். 6.1.76 என்பது இவ்வாறு 6.1.76-ஆய்வு1 ஆகும். நாம் இங்கு தமிழில் எழுதினும் நடைமுறையில் உரோம எழுத்துகளே இடம்பெறும்.

மூலநிரல் கிற் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு முறையில் பேணப்படின் கட்டும் முறைமை தானாகவும் சாட்சி பகரும். தானியங்கு தெரிவு இயக்கப்பட்டிருந்தால், மாற்றத்தின் அடையாளக் குறியீடு பெயரின் ஈற்றில் வரும். பதிவுசெய்யாத திருத்தங்கள் இருப்பின் 'அழுக்கானது' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் உடன் வரும். அத்தெரிவு இல்லாதவிடத்து, அதிகாரபூர்வ வெளியீட்டின் பின் மாற்றங்கள் பதிவாகியிருக்குமாயின் ஒரு கூட்டற்குறி ஒட்டப்படும். பலர் இக்குறியை அழகுக் குறைவெனக் கருதி, கட்டளையில் வெற்றுப் பின்னொட்டைத் தந்து அதனை மறைக்கின்றனர். மாற்றம் நிகழ்ந்தது என்பதற்கான ஒரே சான்றை அழிப்பது விவேகமன்று. குறி வேண்டாமெனின் அதனிலும் தெளிவான பெயரை இடுதலே தக்கது.

பொதியின் இலக்கணமும் கவனத்துக்குரியது. டெபியன் பொதிப்பெயரிற் சிற்றெழுத்து, எண், கூட்டற்குறி, இடைக்கோடு, புள்ளி ஆகியவையே இடம்பெறலாம். பேரெழுத்துக்கும் அடிக்கோட்டுக்கும் இடமில்லை. ஆர்பிஎம் முறையில் பதிப்பெண்ணுள் இடைக்கோடு வருதலாகாது. எனவே கட்டும் முறைமை அதனை அடிக்கோடாக மாற்றும். பரீட்சார்த்தப் பதிப்பு இறுதிப் பதிப்பிலும் பழையதாகக் கணிக்கப்பட வேண்டுமாயின் டெபியனில் அலைக்குறி பயன்படும். அலைக்குறியைத் தொடர்ந்து வருவது, அஃதில்லாததற்கு முந்தியதாகவே வரிசைப்படும். மேலும், கேர்னலின் சொந்தப் பொதியாக்கும் கட்டளை, எத்தனையாவது தடவை கட்டப்பட்டது என்ற எண்ணிக்கையைப் பொதிப்பதிப்பெண்ணின் ஈற்றிற் சேர்க்கும். கோப்புறையை முற்றாகத் துப்புரவாக்கினால் அவ்வெண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். புதிய பொதி பழையதெனக் கணிக்கப்படும். ஆகவே, பிறருக்கு வழங்கும் பொதிகளுக்குப் பதிப்பெண்ணைக் கையால் எழுதிப் பேணுதலே நன்று.

4. பெயர் மறைப்பன

பெயர் எப்போதும் உண்மையை முழுமையாக உரைக்கும் என்பதில்லை. டெபியன் 12இல் ஒரு கேர்னற்பெயர் 6.1.0-18 எனத் தொடங்கியது. உள்ளே இருந்த மூலநிரலோ 6.1.76. மொடியூல்களுடனான இணக்கம் குலையாதவரை கேர்னற்பெயரை மாற்றாதிருத்தல் வழங்குவோருக்கு வசதியாகும். ஆனால் ஒரு பாதுகாப்புக் குறைபாடு திருத்தப்பட்டதா என அறிய விழைபவர் கேர்னற்பெயரை மட்டும் நோக்கின் ஏமாறுவர். பொதிப்பதிப்பெண்ணையும் நோக்கல் வேண்டும்.

இதனிலும் ஆழமான மறைப்பும் உண்டு. றெட் ஹற் நிறுவனத்தின் ஆறாம் வணிகப் பதிப்பு 2.6.32 கேர்னலை அடியாகக் கொண்டது; பிற்காலப் பதிப்புகளின் திருத்தங்கள் பல அதனுட் புகுத்தப்பட்டிருந்தன. 2010இல் அந்நிறுவனம், தனித்தனியே வழங்கிவந்த திருத்தங்களை ஒன்றாகத் திரட்டிய மூலநிரலாகவே வழங்கத் தொடங்கியது. மூலநிரல் கையில் இருந்தது. எதை, எதற்காக, எவர் மாற்றினர் என்ற வரலாறோ பிறர் பார்வையிலிருந்து அகன்றது. உரிமத்தின் சொல் காக்கப்படினும், கூட்டுழைப்பின் வரலாற்றைப் போட்டியின் பொருட்டு ஒதுக்கிவைக்க இயலும் என்பதை இது காட்டிற்று. உழைப்பு பண்டமாகும்போது அதன் சுவடுகள் மறைதல் எனப் பொருளியலிற் பேசப்படுவது இதற்குப் புறம்பானதன்று.

குனூ பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, திருத்திய கோப்புகளில் திருத்தியமையையும் அதன் திகதியையும் குறித்தல் வேண்டும் என்கின்றது; இயங்குநிலைக் கேர்னலை வழங்குவோர், அதற்கு நேரான மூலநிரலையும் பெற வழிசெய்தல் வேண்டும் என்கின்றது. எந்த மூலநிரல் நேரானது என்பதைப் பெயர் சுட்டாதாயின் இவ்வுரிமை ஏட்டளவிலேயே நிற்கும்.

ஆகவே, பின்னொட்டில் ஆக்கியோரைச் சுட்டும் ஒரு சொல்லும் தொடரெண்ணும், மூலநிரற் களஞ்சியத்தில் அதே பெயரில் ஓர் அடையாளமும் இருப்பின் போதுமானது. இவை பெரும் முயற்சி வேண்டுவன அல்ல. நாம் ஆக்கிய கேர்னலைப் பிறிதொருவர் நாளை தம் கணனியில் இயக்கலாம்; அது பழுதுறும்போது எங்கே திரும்புவது, யாரைக் கேட்பது என்பதை அவர் அறிதல் வேண்டும். அதனை அவருக்குச் சொல்லிவைப்பதே பெயரின் பணி.